133 நாள் ஆட்சி, 28 ஆண்டு காத்திருப்பு: கயானாவின் செட்டி ஜகன்

“கயானாவின் அதிபராக இருந்த செட்டி ஜகன் தமிழரா? பெயரைப் பார்த்தால் நகரத்தார் போலத் தெரிகிறதே. அவரை அமெரிக்கா கவிழ்த்தது என்கிறார்களே, அது உண்மையா, இல்லை இடதுசாரிகள் கட்டிவிட்ட கதையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் ஒரே சொல்: இல்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் இவ்வளவு நீளம்.

பெயர்க் குழப்பம் நம் எழுத்தால் வருவது. ஒற்றை டகரம் போட்டால் செடி கொடியாகிவிடும் என்பதால் ‘செட்டி’ என்று எழுதுகிறோம், அவ்வளவுதான். அவர் குடும்பம் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்துக் குடும்பம். 1901ல் அவருடைய இரண்டு பாட்டிமாரும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறினார்கள். அப்பாவும் அம்மாவும் அப்போது இடுப்புக் குழந்தைகள்.

ஆனால் தமிழர் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து அங்கே கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்கள் சுமார் 2,39,000 பேர். அதில் ஏறத்தாழ 15,000 பேர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அவர்களின் வாரிசுகளை இன்றும் ‘மதராசி’ என்றுதான் சொல்கிறார்கள். பேச்சில் தமிழ் போய்விட்டது, மாரியம்மனும் காளியும் போகவில்லை. இவர்கள் நிறையப் பேர் இருப்பது பெர்பிஸ் பக்கம். ஜகன் பிறந்ததும் அங்கேதான். அவர் கட்சியில் பல ஆண்டுகள் வளர்ந்து, பின்னால் அதைவிட்டு விலகி, எதிரணி ஆட்சியில் 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்த மோசஸ் நாகமுத்து தமிழ் வம்சாவளிக்காரர். ஆகவே நீங்கள் தேடிய தமிழ்ப் பெயர் அந்த ஊரிலேயே இருக்கிறது, கொஞ்சம் தள்ளி.

கயானா தென் அமெரிக்க நிலப்பரப்பில் இருந்தாலும் பேச்சு, கிரிக்கெட், அரசியல் எல்லாம் கரீபியன்தான். கரீபியன் நாடுகளின் கூட்டமைப்புக்குத் தலைமையகமே கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் இருக்கிறது. மக்கள் தொகையில் ஏறக்குறைய பாதி இந்திய வம்சாவளி, மூன்றில் ஒரு பங்கு ஆப்பிரிக்க வம்சாவளி என்பது அந்தக் காலக் கணக்கு. முதல் வகையினர் பெரும்பாலும் கரும்பிலும் நெல்லிலும் இருந்தார்கள். இரண்டாம் வகையினர் நகரம், துறைமுகம், அரசு வேலை, போலீஸ், பாக்சைட் சுரங்கம் என்று இருந்தார்கள். இந்தப் பிளவை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஜகன் இதைத் தாண்ட முயன்று தாண்ட முடியாமல் போனவர்.

1918 மார்ச் 22ல் போர்ட் மௌரன்ட் என்ற கரும்புத் தோட்டத்தை ஒட்டிய ஆங்கர்வில்லில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் தெரிந்திருக்கும். ரோஹன் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன், ஆல்வின் காளிச்சரண் எல்லோரும் இந்த ஒரே தோட்டத்து மண்ணிலிருந்து வந்தவர்கள். அப்பா கரும்பு வெட்டும் கூட்டத்துக்குக் கங்காணி, அம்மாவும் வயலில் வேலை செய்தவர். இலங்கை மலையகத்தில் லயம் என்கிறார்களே, அதே நீள வரிசை வீடுகளை அங்கே லோஜி என்பார்கள். மேனேஜர் பங்களாவில் மின்விளக்கு, லோஜியில் மண்ணெண்ணெய் விளக்கு. சிறு வயதில் மனத்தில் பதிந்த காட்சி இதுதான் என்று பிற்காலத்தில் ஜகனே எழுதியிருக்கிறார். நாட்டின் கரும்பில் பெரும்பகுதி புக்கர் என்ற ஒரு கம்பெனியின் கையில் இருந்தது. ‘பிரிட்டிஷ் கயானா’வை ‘புக்கர் கயானா’ என்று கிண்டல் செய்வார்கள். இலக்கியத்துக்கு ஆண்டுதோறும் கொடுக்கிறார்களே புக்கர் பரிசு, அதைத் தொடங்கியதும் இதே புக்கர்தான்.

அப்பாவுக்குப் பிள்ளையைப் படிக்கவைக்கும் வெறி. பதினைந்து வயதில் ஜார்ஜ்டவுனின் குவீன்ஸ் கல்லூரிக்கு அனுப்பினார். தோட்டத்துப் பையன் தலைநகரத்தின் பெரிய பள்ளியில். 1936ல் அமெரிக்கா. வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்கான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு, அப்புறம் சிகாகோவின் நார்த்வெஸ்டர்னில் பல் மருத்துவம். இரவில் லிப்ட் ஓட்டுவது, அடகுக் கடையில் துணி தைப்பது, மருந்து விற்பது என்று கிடைத்த வேலையெல்லாம் செய்து படித்தார். நிறவெறி அமெரிக்காவைக் கீழ்ப்படியிலிருந்து பார்த்த படிப்பும் அதோடு சேர்ந்து வந்தது.

சிகாகோவில்தான் ஜேனட் ரோசன்பெர்க்கைச் சந்தித்தார். யூதக் குடும்பத்துப் பெண், செவிலியர் பயிற்சியில் இருந்தவர், இடதுசாரி. 1943ல் திருமணம். இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. ஆனால் அந்தப் பெண் அந்த ஆண்டு டிசம்பரில் கயானாவுக்கு வந்து இறங்கியவர், 2009ல் இறக்கும்வரை அந்த ஊர் அரசியலை விட்டுப் போகவே இல்லை. ஜகன் கதையை ஜேனட் இல்லாமல் சொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். கட்சியைக் கட்டியது, பத்திரிகை நடத்தியது, தேர்தல் வேலையை ஒழுங்கு செய்தது பெரும்பாலும் அவர். ஜகன் பேசுவார், ஊர் ஊராகப் போவார். கணக்குப் புத்தகமும் உறுப்பினர் பட்டியலும் ஜேனட்டிடம் இருக்கும்.

ஜார்ஜ்டவுன் மெயின் தெருவில் பல் மருத்துவமனை திறந்தார்கள். ஜகன் பல் பிடுங்குவார், ஜேனட் பக்கத்தில் நர்ஸாக நிற்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வழியாகத்தான் ஜகனுக்கு நாடே அறிமுகமானது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வாயைத் திறந்தபடி ஒருவர் பதில் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம். 1946 நவம்பரில் இவர்கள் இருவர், தொழிற்சங்கக்காரர் ஆஷ்டன் சேஸ், ஜோசலின் ஹப்பர்ட் என்று நான்கு பேர் சேர்ந்து ஒரு அரசியல் குழு ஆரம்பித்தார்கள். மறு ஆண்டே ஜகன் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அப்போது ஓட்டுரிமை சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்குத்தான்.

அடுத்து வருவதுதான் அவர் வாழ்க்கையின் திருப்பம். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கரும்பு வெட்டுகிறவர் முன்பெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டுப் போகலாம். வேறு ஆள் அதை ஏற்றுவார். புது முறைப்படி வெட்டியவரே கட்டுக் கட்டித் தலையில் சுமந்து, வரப்பில் வழுக்காமல் நடந்து, கால்வாயில் நிற்கும் இரும்புப் படகில் ஏற்ற வேண்டும். வெட்டி வெட்டித் தளர்ந்த உடம்புக்கு இது இரட்டை வேலை. 1948 ஏப்ரலில் இதை எதிர்த்துக் கிழக்குக் கடற்கரைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூன் 16ல் என்மோர் ஆலை வாசலில் போலீஸ் சுட்டது. ஐந்து பேர் இறந்தார்கள்: லல்லாபாகி கிசூன், பூரன், ராம்பரன், டுக்கி, ஹாரி. மறுநாள் ஜகனும் ஜேனட்டும் முன்னால் நடக்க, உடல்களைத் தூக்கிக்கொண்டு கூட்டம் என்மோரிலிருந்து ஜார்ஜ்டவுன் வரை நடந்தது. பதினாறு மைல். இந்த மக்களுக்காகவே இனி வாழ்வது என்று புதைகுழியருகில் மனத்துக்குள் உறுதி எடுத்ததாக ஜகன் பின்னாளில் எழுதினார். அரசியல்வாதிகள் எழுதும் இப்படிப்பட்ட வரிகளை நான் சாதாரணமாக நம்புவதில்லை. இவர் விஷயத்தில் அடுத்த ஐம்பது ஆண்டு வாழ்க்கை அந்த வரிக்குச் சாட்சியாக இருக்கிறது.

1950 ஜனவரி 1ல் மக்கள் முற்போக்குக் கட்சி பிறந்தது. தலைவர் ஜகன், செயலாளர் ஜேனட், அவைத்தலைவர் ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாம். பர்ன்ஹாம் லண்டனில் சட்டம் படித்துத் திரும்பியவர், ஆப்பிரிக்க வம்சாவளி, மேடையில் ஏறினால் கூட்டத்தைக் கட்டிப்போடுகிற பேச்சாளர். தோட்டம் ஜகன் பின்னால், நகரம் பர்ன்ஹாம் பின்னால். அந்த நாட்டு வரலாற்றில் இரண்டு இனத்து ஏழைகளும் ஒரே சின்னத்துக்கு ஓட்டுப் போட்ட காலம் அதுதான். 1953 ஏப்ரலில், வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தலில், 24 இடங்களில் 18 இவர்களுக்கு.

133 நாள். அவ்வளவுதான் அந்த ஆட்சி.

என்ன செய்தார்கள்? இடதுசாரிப் புத்தகங்களுக்கு இருந்த தடையை நீக்கினார்கள். குத்தகை விவசாயிகளுக்குப் பாதுகாப்புத் தேடினார்கள். தொழிலாளர்கள் எந்தச் சங்கத்தை விரும்புகிறார்களோ அதையே முதலாளி அங்கீகரிக்க வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அதற்கு முன்மாதிரி அமெரிக்காவின் 1935ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம்! கயானா அப்போது பிரிட்டிஷ் காலனி. இது போதும் லண்டனுக்கு. சர்ச்சில் பிரதமராக இருந்தார். போர்க்கப்பல் வந்தது, படை இறங்கியது, அக்டோபர் 9ல் அரசியல் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் சதி, ஜார்ஜ்டவுனைக் கொளுத்தத் திட்டம் என்றெல்லாம் வெள்ளை அறிக்கை போட்டார்கள். அந்தத் தீவைப்புச் சதிக்காக யார்மீதும் வழக்கு நடக்கவில்லை. பல ஆண்டு கழித்து வெளியான பிரிட்டிஷ் உளவுத்துறையின் சொந்தக் கோப்புகளே, இந்தக் கட்சிக்கு வெளிநாட்டுக் கம்யூனிஸ்ட் அமைப்புகளிடமிருந்து பண உதவி வரவில்லை என்று அப்போதே குறித்துவைத்திருந்ததைக் காட்டுகின்றன.

அப்படியானால் ஜகன் கம்யூனிஸ்ட் இல்லையா? மார்க்சியவாதிதான். அதை அவர் ஒளித்ததே இல்லை, அதுதான் சிக்கல். ஆனால் 1953ல் அவர் செய்ததெல்லாம் எந்தச் சமூக ஜனநாயகக் கட்சியும் செய்யக்கூடியது. நம்பிக்கைக்காக ஒருவரைத் தண்டித்தார்கள், நடவடிக்கைக்காக அல்ல. அதேசமயம் அமைச்சர்களே வேலைநிறுத்தத்துக்குத் தெருவில் இறங்கி ஆதரவு கொடுத்தது, ஆளுநரிடம் தேவையில்லாமல் முறைத்துக்கொண்டது எல்லாம் அனுபவமின்மை. இதைப் பிற்பாடு அந்தக் கட்சிக்காரர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பதவி பறிபோனதும் ஜகனும் பர்ன்ஹாமும் லண்டன் போய் முறையிட்டார்கள். போகும் வழியில் பல அரசுகள் இறங்கி ஏறக்கூட அனுமதிக்கவில்லை. லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்து நேருவைச் சந்தித்தார்கள். ஆறுதல் கிடைத்தது, ஆட்சி கிடைக்கவில்லை. ஊர் திரும்பிய ஜகன் ஜார்ஜ்டவுனைவிட்டு வெளியே போகக் கூடாது என்று தடை. அதை மீறி 1954 ஏப்ரலில் மகைக்கோனிக்குப் போனார். எதற்கு? அங்கே வழக்கமாக அவர் பல் வைத்தியம் பார்க்கும் நாள். அதற்காக ஆறு மாதக் கடுங்காவல் தண்டனை. அதே ஆண்டு ஜேனட்டும் சிறை போனார்.

1955ல் கட்சி உடைந்தது. பர்ன்ஹாமுக்குத் தலைவர் பதவி வேண்டும். லண்டனுக்கு அவர் ‘மிதவாதி’யாகத் தெரிந்தார். முதலில் சித்தாந்தப் பிளவு போல இருந்தது, இரண்டே தேர்தலில் இனப் பிளவு ஆகிவிட்டது. 1957ல் ஜகன் அணி 14க்கு 9. பர்ன்ஹாம் தனிக்கட்சி கண்டார். அதற்குள் ‘அபான் ஜாட்’ என்ற போஜ்பூரிச் சொல் ஊர்களில் கேட்க ஆரம்பித்திருந்தது. ‘நம்ம ஆளுக்கு ஓட்டு’ என்று பொருள். ஜகன் அந்தக் கோஷத்தை மேடையிலிருந்து சொன்னவர் இல்லை என்றே அவர் பக்கத்தவர்கள் சொல்வார்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அந்த ஓட்டுகள் அவருக்குத்தான் விழுந்தன. நாம் சாதிக் கணக்குப் போட்டுத் தேர்தல் பார்த்தவர்கள். இது எப்படி நடக்கும் என்று நமக்கு விளக்க வேண்டாம்.

1957 முதல் 1964 வரையான ஆட்சியில் உருப்படியாக நடந்தவை உண்டு. வடிகால் வெட்டிப் புது நெல் நிலங்கள் உருவாயின, பிளாக் புஷ் போல்டர் அதில் பெரியது. 1963ல் கயானாவுக்குச் சொந்தப் பல்கலைக்கழகம் வந்தது. கட்டடம் இல்லாமல், ஜகன் படித்த அதே குவீன்ஸ் கல்லூரியில் மாலை நேர வகுப்புகளாக. எதிரிகள் அதை ‘ஜகனின் ராப்பள்ளி’ என்று கேலி செய்தார்கள்.

1961 தேர்தலில் 35க்கு 20 இடம், ஜகன் முதல் பிரீமியர், அதாவது காலனி அரசின் தலைவர். ஓட்டைப் பாருங்கள்: ஜகனுக்கு சுமார் 43 சதவீதம், பர்ன்ஹாமுக்கு 41. இடமோ 20க்கு 11. மீதி நான்கு, மது வியாபாரி பீட்டர் டி அகியாரின் கட்சிக்கு. சுதந்திரம் கைக்கெட்டும் தூரம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

காஸ்ட்ரோ கியூபாவைப் பிடித்து இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. அவரைக் கவிழ்க்கப் போன அமெரிக்கா கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் மூக்குடைபட்டு ஆறு மாதம். அந்த அக்டோபரில் ஜகன் உதவி கேட்டு வாஷிங்டன் போனார். தொலைக்காட்சிப் பேட்டியில் சோவியத் யூனியனைப் பற்றிக் கேட்டபோது ஒரு வார்த்தை கண்டித்துப் பேச வரவில்லை. சுற்றிச் சுற்றிப் பதில் சொன்னார். மூன்று நாள் வசதிக்காக ஒரு வரி பொய் சொல்லியிருந்தால் போதும். அவருக்கு அது வராது. கென்னடியைச் சந்தித்தார், கேட்ட பணம் கிடைக்கவில்லை.

இங்கிருந்து உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடிப் பதில் வருகிறது. 1962 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஹியூம் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ஜகன் தலைமையில் ஒரு சுதந்திரக் கயானாவை எங்களால் பொறுத்துக்கொள்ள முடியாது என்பது சாரம். ஹியூம் காட்டமாகவே பதில் எழுதினார்: காலனிகளை விடச் சொன்னதும் நீங்கள், மக்கள் தேர்ந்தெடுத்தவரை நீக்கச் சொல்வதும் நீங்கள், ஜனநாயகத்தில் இதை எப்படிச் செய்வதாம்? ஆனால் கடைசியில் லண்டன் வழிக்கு வந்தது. இந்தக் கடிதங்கள் இன்று யாரும் படிக்கக்கூடிய அரசு ஆவணங்கள். ஆகவே இது கட்டுக்கதை இல்லை.

அதே பிப்ரவரியில் பட்ஜெட் கலவரம். கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கலஸ் கால்டோர் யோசனைப்படி சொத்து வரி, நன்கொடை வரி, சம்பளத்தில் கட்டாயச் சேமிப்பு என்று ஒரு பட்ஜெட் போட்டார்கள். கால்டோர் பெயர் நமக்குப் புதிதில்லை. அவர் சொல்லித்தான் 1957ல் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி சொத்து வரியும் செலவு வரியும் கொண்டுவந்தார், இலங்கையும் அவரிடம் ஆலோசனை கேட்டது. டெல்லியில் முணுமுணுப்போடு போனது ஜார்ஜ்டவுனில் தீயாகப் பிடித்தது. பணக்காரர் மீதான வரியோடு நகரத்துச் சம்பளக்காரரின் பையிலும் கை வைத்தது ஜகனின் தவறு. அரசு ஊழியரும் கடை முதலாளியும் ஒரே ஊர்வலத்தில் வந்தார்கள். பிப்ரவரி 16ல் நகரத்தின் வணிகப் பகுதி எரிந்தது. அதைக் கறுப்பு வெள்ளி என்பார்கள். அடக்க ஜகன் கூப்பிட வேண்டியிருந்தது யாரை? பிரிட்டிஷ் படையை.

1963ல் அதே பழைய தொழிற்சங்க மசோதாவை மறுபடி கொண்டுவந்தார். பத்து ஆண்டுக்கு முன் எதில் கால் இடறியதோ அதே கல். 80 நாள் பொது வேலைநிறுத்தம். கப்பல் இல்லை, மாவு இல்லை, பெட்ரோல் இல்லை. வேலைநிறுத்தக்காரர்களுக்கு வாராவாரம் படி கிடைத்துக்கொண்டிருந்தது. சர்வதேசத் தொழிற்சங்க அமைப்புகள் வழியாக வந்த அந்தப் பணத்தின் ஊற்று அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ என்பது பின்னால் வெளிவந்தது. ஜகன் அரசுக்கு மாவும் எண்ணெயும் கியூபாவிலிருந்து வந்தன. எதிரிகளுக்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்!

அந்த அக்டோபரில் லண்டனில் நடந்ததுதான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியாதது. அரசியல் சட்டம் பற்றிப் பேச்சுவார்த்தை. ஜகன், பர்ன்ஹாம், டி அகியார் மூவருக்குள் உடன்பாடு வரவில்லை. சரி, பிரிட்டிஷ் அரசே முடிவு சொல்லட்டும் என்று மூவரும் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஜகனும் போட்டார். காலனி அமைச்சர் டங்கன் சாண்டிஸ் சொன்ன முடிவு: சுதந்திரத்துக்கு முன் இன்னொரு தேர்தல், அதுவும் விகிதாசார முறையில், அதாவது ஓட்டு விகிதப்படி இடம். ஜகன் எதிர்த்த இரண்டும் அப்படியே. தன்னைக் கவிழ்க்க நினைப்பவர்கள் கையிலேயே வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரை என்ன சொல்ல? வெள்ளைக்காரன் நியாயம் பார்ப்பான் என்ற நம்பிக்கை, அவனை எதிர்த்துச் சிறை சென்ற மார்க்சியவாதிக்குள்ளும் ஒரு மூலையில் இருந்திருக்கிறது. விகிதாசார முறையில் நியாயம் இல்லாமல் இல்லை. 43 சதவீதத்துக்கு 20 இடம் கிடைத்ததே. ஆனால் தன் நாடாளுமன்றப் பொதுத்தேர்தலில் இன்றுவரை அந்த முறையைச் சேர்த்துக்கொள்ளாத பிரிட்டன், கயானாவுக்கு அதைப் பரிந்துரைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1964 ரத்த ஆண்டு. கரும்பு வேலைநிறுத்தம் இனக் கலவரமாக மாறியது. சுமார் 170 பேர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வீடு மாறினார்கள். கலந்திருந்த ஊர்கள் இந்திய ஊர், ஆப்பிரிக்க ஊர் என்று பிரிந்தன. மே மாதம் விஸ்மாரில் இந்தியக் குடும்பங்களுக்கு நேர்ந்ததை அங்கே இன்னும் மறக்கவில்லை. ஆப்பிரிக்கக் குடும்பங்கள் பட்டதும் அப்படித்தான் மறக்கப்படாமல் இருக்கிறது. டிசம்பர் தேர்தலில் ஜகன் முந்தைய தேர்தலைவிட அதிக ஓட்டு வாங்கினார், 45.8 சதவீதம். 53ல் 24 இடம். பர்ன்ஹாமும் டி அகியாரும் கூட்டணி வைத்தார்கள். ஜகன் ராஜினாமா செய்ய மறுத்தார். லண்டன் ஒரு ஆணையில் சட்டத்தைத் திருத்தி அவரை நீக்கியது. 1966 மே 26ல் சுதந்திரக் கொடி ஏறியபோது பிரதமர் பர்ன்ஹாம். அன்றிரவு மைதானத்தில் பழைய தோழர்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது.

பிறகு 28 ஆண்டு எதிர்க்கட்சி வரிசை. 1968, 1973, 1980, 1985 எல்லாமே தில்லுமுல்லுத் தேர்தல்கள். 1968ல் வெளிநாட்டில் வாழும் கயானியர்கள் என்று ஒரு நீளமான வாக்காளர் பட்டியல். பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காரர்கள் அந்த முகவரிகளைத் தேடிப் போனார்கள். மான்செஸ்டரில் ஒரு முகவரியில் வீடே இல்லை, காலி இடத்தில் குதிரை மேய்ந்துகொண்டிருந்தது. 1973ல் வாக்குப்பெட்டியை ராணுவம் தூக்கிச் சென்றதைத் தடுத்த கட்சிக்காரர்கள் இருவர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஜகன் கட்சிப் பத்திரிகைக்கு அச்சுத்தாள் இறக்குமதியில் முட்டுக்கட்டை. 1982ல் கோதுமை மாவுக்கே தடை வந்தது. அரிசி மாவில் ரொட்டி தட்டிச் சலித்த பெண்கள், கள்ளக்கடத்தலில் வரும் மாவை மூட்டை மூட்டையாக ஒளித்து வைத்தார்கள். மாவு வைத்திருந்ததற்காகப் போலீஸ் பிடித்தது.

இதில் வேடிக்கை, ‘மிதவாதி’ என்று மேற்குலகம் கொண்டுவந்த பர்ன்ஹாம் பாக்சைட்டையும் கரும்பையும் நாட்டுடைமையாக்கினார், கியூபாவோடு கைகோத்தார். ஜகன் எதைச் செய்வார் என்று பயந்தார்களோ அதைப் பர்ன்ஹாம் தேர்தலையும் சேர்த்து முழுங்கிவிட்டுச் செய்தார். ஜகனோ 1969ல் மாஸ்கோ மாநாட்டுக்குப் போய்க் கட்சியை முறைப்படி கம்யூனிஸ்ட் அணியில் சேர்த்தார். 1975ல் பர்ன்ஹாமின் நாட்டுடைமைக்கு ‘விமர்சனத்தோடு ஆதரவு’ என்றார். கட்சியில் பலர் வெறுத்துப்போனார்கள். என் பார்வையில் அவருடைய அரசியலின் மிகப் பலவீனமான காலம் இது. ஓட்டைத் திருடியவனுக்குச் சித்தாந்தப் பொருத்தம் பார்த்து ஆதரவு கொடுப்பது அறிவாளிகளுக்கு மட்டும் வருகிற நோய்.

1985ல் பர்ன்ஹாம் தொண்டை அறுவைச் சிகிச்சையின்போது இறந்தார். அடுத்து வந்த டெஸ்மண்ட் ஹாய்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவைத் திறந்தார். பெர்லின் சுவர் இடிந்தபின் ஜகனைக் கண்டு பயப்பட வாஷிங்டனுக்குக் காரணம் இல்லை. 1990ல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் வந்தார். ஓட்டுகளைப் பதிவான சாவடியிலேயே எண்ண வேண்டும், பட்டியலைப் புதிதாக எடுக்க வேண்டும் என்ற இரண்டையும் ஹாய்ட் ஏற்றார். பெட்டி வெளியே போனால்தானே மாயம் நடக்கும்? அதே ஆண்டு, கென்னடியின் ஆலோசகராக இருந்த வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிஞ்சர், நியூயார்க்கில் ஒரு சந்திப்பில் ஜகன் முகத்துக்கு நேராக, தான் செய்ததற்கு வருந்துவதாகவும் ஜகனுக்குப் பெரிய அநீதி நடந்ததாகவும் சொன்னார்.

1992 அக்டோபர் 5ல் தேர்தல். ஜார்ஜ்டவுனில் தேர்தல் ஆணைய அலுவலகத்தின்மேல் கூட்டம் கல்லெறிந்தது. எண்ணிக்கை நிற்கவில்லை. ஜகன் கட்சிக்கு 53 சதவீதம். அவர் அதிபராகப் பதவியேற்றது அக்டோபர் 9. முப்பத்தொன்பது ஆண்டுக்கு முன் அதே தேதியில்தான் சர்ச்சில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

எழுபத்து நான்கு வயதில் கையில் கிடைத்தது கடனில் மூழ்கிய நாடு, கடன் சுமார் 210 கோடி டாலர். பழைய மார்க்சியவாதி பன்னாட்டு நிதியத்தின் திட்டத்தைத் தொடர்ந்தார். வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கடன் தள்ளுபடிக்காகவும், பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் சேர்ந்து உருவாக்க வேண்டிய ஒரு புதிய மனித ஒழுங்குக்காகவும் ஊர் ஊராகப் பேசினார். 1994ல் ஒரு நகைச்சுவை. 1963 வேலைநிறுத்தக் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சங்கப் பணியோடு தொடர்புள்ள வில்லியம் டோஹர்ட்டியைக் கயானாவுக்குத் தூதராக அனுப்ப கிளின்டன் அரசு நினைத்தது. கிளின்டனுக்கு எங்கள் வரலாறு தெரியாமல் இருக்கலாம், அவர் ஆலோசகர்களுக்காவது தங்கள் வரலாறு தெரிய வேண்டாமா என்ற பொருளில் ஜகன் கேட்டார். அந்தப் பெயர் கைவிடப்பட்டது.

அவர் எளிமை பற்றி எதிரிகளுக்கும் சந்தேகம் இல்லை. பதவியில் பணம் சேர்த்தார் என்று பர்ன்ஹாம் கட்சிக்காரர்கள்கூடச் சொன்னதில்லை. நகர ஆப்பிரிக்கர்களின் நம்பிக்கையை மட்டும் கடைசிவரை திரும்பப் பெற முடியவில்லை. 1955ல் விட்டது விட்டதுதான்.

1997 பிப்ரவரியில் மாரடைப்பு. அமெரிக்க ராணுவ விமானம் வந்து அவரை ஏற்றிச் சென்றது, வாஷிங்டனில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள். மார்ச் 6ல் அங்கேயே இறந்தார். ஜேனட் அந்த டிசம்பரில் தேர்தலில் நின்று அதிபராகி, உடல்நலக் காரணத்தால் 1999ல் விலகினார்.

உடலை ஜார்ஜ்டவுனிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் போர்ட் மௌரன்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். வழி நெடுக ஊர் ஊராகச் சனம் நின்றது. 1948ல் என்மோர் உடல்களை அவர் கொண்டுவந்த அதே கிழக்குக் கடற்கரை, இப்போது எதிர்த்திசையில். பிறந்த ஊரை ஒட்டிய பாபு ஜான் சுடுகாட்டில் இந்து முறைப்படி சிதை மூட்டினார்கள். ஒவ்வொரு மார்ச்சிலும் கட்சிக்காரர்கள் அங்கே கூடுகிறார்கள். சிகாகோவில் பிறந்த ஜேனட்டையும் 2009ல் அங்கேதான் எரித்தார்கள்.